சம்மாங்காரரும் அனுமதிப்பத்திரமும்

மலையகத் தமிழரின் பிரசாவுரிமை பறிக்கப்பட்ட வரலாறு நாம் அறிந்ததே. ஆனால் அதே ஆண்டுகளில், அதே சட்டங்களின் கீழ், நம் கடைத்தெருக்களில் இருந்த இன்னொரு கூட்டத்தாருக்கு நேர்ந்ததை நாம் அதிகம் பேசுவதில்லை. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் முதலான ஊர்களிலிருந்து வந்து வியாபாரம் செய்த முஸ்லிம்களைச் சொல்கிறேன். நம்மவர்கள் அவர்களைச் சம்மாங்காரர் என்றார்கள். சம்மான் என்ற படகில் வந்ததால் அந்தப் பெயர் என்பர். வகுப்பில் 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படிப்பிக்கும்போதெல்லாம் பேச்சு தோட்டத் தொழிலாளரோடு நின்றுவிடுவதைக் கண்டே இதை எழுத எண்ணினேன்.

சம்மாங்காரருக்குக் கடல் ஒரு எல்லையாக இருந்ததில்லை. 1914 பெப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியபின் பயணம் இன்னும் இலகுவாயிற்று. சென்னையில் ஒரு டிக்கட் எடுத்தால் ரயில், கப்பல், மீண்டும் ரயில் என்று கொழும்புக் கோட்டையில் வந்திறங்கலாம். சுகாதாரப் பரிசோதனைதான் பெருந்தடை. வேலை செய்ய அனுமதி என்ற ஒன்றை யாரும் கேட்கவில்லை. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) நமது ஊர்களுக்கு வந்து மார்க்கப் பணி செய்தபோது, எந்தக் கந்தோரிலும் கையொப்பம் வைக்க வேண்டியிருக்கவில்லை. புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் 1908-1909 இல் எழுந்த சம்மாங்கோட்டுப் பள்ளி, அந்த வியாபாரிகள் இங்கே எவ்வளவு ஊன்றியிருந்தார்கள் என்பதற்குச் சான்று. கால் ஊன்றாதவன் அப்படி ஒரு பள்ளியைக் கட்டமாட்டான்.

என்றாலும் பிரித்தெழுதும் வேலை முன்னரே தொடங்கிவிட்டது. 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என இரு நிரல்களை இட்டது. 1915 கலவரத்தின்பின், பகைமை கரையோரச் சோனகரோடுதான், நம்மோடல்ல என்று சொல்வது நம்மவர் சிலருக்கு ஆறுதலாயிற்று. கடையை உடைத்தவன் எந்தச் சோனகன் என்று கேட்டு உடைக்கவில்லை என்பது வேறு விடயம். அன்று கணக்கெடுப்பில் விழுந்த கோடு, சுதந்திரத்தின்பின் சட்டமாக மாறியது.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை வெளியே நிறுத்தியது. அதே ஆண்டின் 20 ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து பிரசையல்லாதவன் இங்கே தங்கித் தொழில் செய்ய வதிவிட விசா அல்லது தற்காலிக வதிவிட அனுமதிப்பத்திரம் வேண்டும். அது காலவரையறை உடையது. முடியும்போது புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்பது அரசின் விருப்பம். முப்பது வருடம் ஒரே கடையில் இருந்தவனும் நேற்று வந்தவனும் அந்தப் பத்திரத்தின் முன் ஒன்றுதான்.

பிரசையாகும் வழி ஒன்றும் திறந்திருந்தது. 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்படி, 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன் திருமணமானவர் ஏழு வருடமும் மற்றவர் பத்து வருடமும் இடையறாது இங்கே வதிந்திருக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஊரில் தங்கிவிட்டால் தொடர்ச்சி அறுந்துவிடும். விண்ணப்பிக்க 1951 ஆகஸ்ட் 5 வரை அவகாசம். ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. முடிவில் பிரசாவுரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேர்.

வருடக் கணக்கைவிட வியாபாரிகளை வீழ்த்தியது இன்னொரு நிபந்தனை. மணமானவரின் மனைவியும் அவரில் தங்கியுள்ள சிறு பிள்ளைகளும் இங்கேயே வதிந்திருக்க வேண்டும் என்றது சட்டம். காயலிலும் கீழக்கரையிலும் வீடு பெண்ணுக்கு உரியது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். காத்தான்குடியிலும் கல்முனையிலும் மகளுக்கு வீடு கட்டிக்கொடுக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கணவன் கொழும்பில் உழைப்பான், மனைவி தாய்வீட்டில் இருப்பாள், ஒன்றரை வருடத்துக்கோ இரண்டு வருடத்துக்கோ ஒருமுறை ஊர் போய் வருவான். தலைமுறை தலைமுறையாக நடந்த இந்த ஒழுங்கு, சட்டத்தின் கண்ணில் 'இவன் இந்த நாட்டுக்காரனல்லன்' என்பதற்கான அத்தாட்சியாகிவிட்டது. சட்டம் எழுதியவர்கள் தோட்ட லயத்தை மனதிற்கொண்டு எழுதியிருக்கலாம். அது விழுந்ததோ புறக்கோட்டையின் மீதும்.

ஆகவே பலர் இந்தியக் கடவுச்சீட்டு எடுத்து, அனுமதிப்பத்திரத்தில் காலம் தள்ளினர். 1953 இல் வந்த நாணயமாற்றுக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஊருக்குப் பணம் அனுப்புவதையும் அரசின் அனுமதிக்குள் கொண்டுவந்தது. உழைக்க ஒரு பத்திரம், உழைத்ததை அனுப்ப இன்னொன்று. பத்திரம் இல்லாமல் கடல் கடந்தவர்களுக்குக் 'கள்ளத்தோணி' என்ற பெயர் நிலைத்தது. பாட்டன் காலத்தில் தோணி மட்டுந்தான் இருந்தது. கள்ளம் பின்னால் வந்து ஒட்டியது.

1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரின் தலைவிதியைப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசுவது. அந்தத் தொகையில் சட்டவிரோதமாகக் குடியேறியோரும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போரும் சேரமாட்டார் என்று ஒப்பந்தமே சொல்கிறது. சம்மாங்காரர் வரலாற்றிலிருந்து நழுவியது இந்த ஒரு வரியில்தான். அவர்கள் பேரம் பேசப்படவுமில்லை, பங்கிடப்படவுமில்லை. பத்திரம் முடிந்தபோது போனார்கள். அவ்வாண்டு டிசம்பரில் புயல் தனுஷ்கோடியையும் கொண்டுபோயிற்று.

என் மூத்தவாப்பா சிறுவயதில் ஒரு காயல்காரரின் பிடவைக் கடையில் எடுபிடியாக நின்றவர். முதலாளிக்குப் பத்திரம் புதுப்பிக்கும் மாதம் நெருங்கினால் கடையில் யாரும் உரத்துப் பேசமாட்டார்களாம். ஒரு தடவை புதுப்பித்துக் கிடைக்கவில்லை. கணக்குப் புத்தகத்தையும் முழக்கோலையும் கையில் கொடுத்து, "தம்பி, நீ பார்த்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அந்தக் கடை பிறகு எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் கைக்கு வந்தது. இப்படிக் கைமாறிய கடைகள் பல ஊர்களில் உண்டு. வாங்கியவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். நமது மௌனத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

இன்று என் வகுப்பில் ஒரு வரிசைப் பிள்ளைகளின் வாப்பாமார் கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிறார்கள். இகாமா, கபீல் என்ற சொற்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். 2020 இல் கட்டார், எசமானின் சம்மதமின்றியே வேலை மாற வழிசெய்தபோது அது எங்கள் ஊரில் பெருநாள் செய்தி போலப் பரவியது. சம்மாங்காரர் கதையைச் சொன்னபோது ஒரு பிள்ளை கேட்டது: "சேர், அப்ப அவங்களுக்கு நாமதான் கபீலா?"

பழைய கடை வீடுகளில், பெட்டியடியில், இந்த அனுமதிப்பத்திரங்களும் கணக்கேடுகளும் கடிதங்களும் இன்னும் கிடக்கக்கூடும். கறையான் அரிக்குமுன் அவற்றை எடுத்து வைப்பவர்கள் இவ்விதழுக்கு ஒரு வரி எழுதினால் நன்று.