ஆஸ்பத்திரி நடத்த ஒரு டிகிரி: யார் முதல்?

ஹாஸ்பிடல் அட்மினிஸ்ட்ரேஷன் படிப்போட வரலாறைத் தேடினா, முதல்ல வர்றது 1934, சிகாகோ பல்கலைக்கழகம், மைக்கேல் டேவிஸ். இவர் டாக்டர் இல்ல, சமூகவியல் படிச்சவர். ஆஸ்பத்திரி நிர்வாகம் ஒரு தனித் தொழில்னு 1929-லயே புத்தகம் போட்டவர். படிப்பை மருத்துவக் கல்லூரியில வைக்கல, பிசினஸ் ஸ்கூல்ல வெச்சாங்க. பொருளாதாரப் பெருமந்த காலம், கணக்கு தெரிஞ்ச ஆள் வேணும். நியாயம்தான்.

ஆனா கொஞ்சம் பின்னாடி போங்க. 1899, நியூயார்க். கொலம்பியாவோட டீச்சர்ஸ் காலேஜ்ல 'ஹாஸ்பிடல் எகனாமிக்ஸ்'னு ஒரு கோர்ஸ் ஆரம்பிக்குது. அதுக்காகப் போராடினவங்க இசபெல் ஹாம்ப்டன் ராப் மாதிரி நர்ஸ் பயிற்சிப் பள்ளித் தலைவிகள். வார்டு, சமையல், சலவை, யாருக்கு எந்த ஷிஃப்ட், இதெல்லாம் பல ஆஸ்பத்திரிகள்ல அவங்க தலையிலதான் இருந்துச்சு. (இன்னைக்கு இதுக்குப் பேரு ஆபரேஷன்ஸ்!) 1907-ல அங்க மேரி அடிலெய்ட் நட்டிங் பேராசிரியர் ஆனாங்க. உலகத்துலயே பேராசிரியரான முதல் நர்ஸ் அவங்க.

நிலைச்சு நின்ன முதல் முதுகலைப் படிப்பு சிகாகோதான், அதுல சண்டை இல்ல. ஆனா 35 வருஷம் முன்னாடியே இதைப் படிச்ச பெண்களை நிர்வாகவியல் வரலாறுல தேடினா கிடைக்கிறது கஷ்டம். நர்சிங் வரலாறுன்னு வேற அலமாரியில இருக்காங்க.