கப்பல் எழுதிய புயலும் குப்பம் அறிந்த புயலும்

(பழவேற்காட்டு மீனவர் ஊர்கள்: ஒரு வரலாற்று நோக்கு)

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில், வங்கக் கடலுக்கும் நிலத்துக்கும் இடையே நீண்டு கிடக்கிறது பழவேற்காடு ஏரி. சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது. தென்கோடி தமிழகத்தின் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காளங்கியாறும் இதில் வந்து கலக்கின்றன. ஏரிக்கரையிலும், ஏரியைக் கடலினின்று பிரிக்கும் மணல்மேட்டிலும் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், அரங்கங்குப்பம், கூனங்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் என மீனவர் ஊர்கள் பல அமைந்துள்ளன.

பழவேற்காட்டின் வரலாற்றை எழுதியவர்கள் கோட்டையையும் கல்லறையையும் பற்றி நிறையவே எழுதியுள்ளனர். 1613இல் டச்சுக்காரர் இங்கே எழுப்பிய கெல்டிரியாக் கோட்டை, 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை இவ்வூர் சோழமண்டலக் கரையில் அவர்தம் தலைமையிடமாக விளங்கியமை, 1825இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தமை, எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் காவல் நிற்கும் டச்சுக் கல்லறைத் தோட்டம் ஆகியன பலரும் அறிந்தவை. ஆயின் இக்கரையின் வாழ்வை ஆண்டுதோறும் மாற்றி எழுதிவரும் ஆற்றல் ஒன்று உண்டு. அது ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் வங்கக் கடலில் எழும் புயல். அப்புயலின் வரலாற்றை எழுதியவர் யார், எவர் பொருட்டு எழுதினர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

துறைமுகத்தின் கணக்கு

சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகங்கள் அரியவை. கப்பல்கள் கரைக்கு அப்பால் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. எனவே வடகிழக்குப் பருவக்காற்று வீசும் அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை சென்னைக் கரையைவிட்டு அகன்றுவிடுவது கப்பல்களின் வழக்கமாயிற்று. வழக்கத்தை மீறி நின்றவை பெரும் விலை கொடுத்தன. 1746 செப்டம்பரில் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லாபூர்தொனேயின் கப்பல்கள், அடுத்த திங்களே எழுந்த புயலில் சிதைந்தன. பெருந்திரளான மாலுமிகள் மாண்டனர். இந்நிகழ்ச்சியைக் குறிப்பிடாத சென்னை வரலாற்று நூல் இல்லை எனலாம். 1881 நவம்பரில் அப்போது கட்டப்பட்டு வந்த சென்னைத் துறைமுகத்தின் சுவர்களைப் புயல் தகர்த்ததும் விரிவாகப் பதிவாகியுள்ளது.

புயல் பற்றிய அறிவியலும் கப்பலிலேயே பிறந்தது. கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்பார், கப்பல் தலைவர்களின் நாட்பதிவேடுகளைத் திரட்டி ஒப்பிட்டு, வங்கக் கடற்புயல்கள் சுழன்று நகரும் இயல்பை விளக்கினார். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாகச் 'சைக்ளோன்' என்னும் பெயரை ஆக்கி, 1848இல் மாலுமிகளுக்கென எழுதிய கையேட்டில் வழங்கியவரும் அவரே. 1864இல் கல்கத்தாவையும் மசூலிப்பட்டினத்தையும் பெரும்புயல்கள் அழித்தன. அதன் பின்னர் 1875இல் இந்திய வானிலைத் துறை தோன்றியது. துறைமுகங்களில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டுகளும், ஒன்று முதல் பதினொன்று வரையிலான அவற்றின் எண்களும் கப்பல்களுக்காக வகுக்கப்பட்ட மொழியே ஆகும்.

இப்பதிவுகளில் மீனவர் வாராமல் இல்லை. அலை கொந்தளிக்கும் நாளில் கரையிலிருந்து கப்பலுக்குக் கடிதம் கொண்டுசென்ற கட்டுமரக்காரராக அவர் வருகிறார். அவருக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை. கடிதத்தைச் சேர்த்துவிட்டுத் திரும்பியவரின் குடிசை அப்புயலில் நின்றதா, விழுந்ததா என்பதை எழுத எவர்க்கும் தேவை இருக்கவில்லை. 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் தமிழிலேயே நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் ஏடுகளிலும் கப்பலின் வரவும் போக்குமே கருத்தைக் கவர்கின்றன. வணிகரின் ஏடு வணிகரின் கவலையைத்தானே சொல்லும்! அண்மைக்காலத்திலும் நிலை பெரிதும் மாறவில்லை. 1966 நவம்பர்ப் புயலைச் சென்னை மக்கள் இன்றும் நினைவுகூர்வது, மெரினாக் கரையருகே தரைதட்டிச் சிதைந்த 'ஸ்டமாட்டிஸ்' என்னும் கப்பலைக் கொண்டே.

ஏரியின் கணக்கு

கப்பலுக்குப் புயல் முழுக்கவும் பகை. ஏரிக்கரை மீனவனுக்கோ அது பகையும் உறவுமாய் இரு முகம் கொண்டது. இவ்வேறுபாட்டை உணர ஏரியின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

பழவேற்காடு ஏரி ஆழம் குறைந்தது. பல இடங்களில் ஆள் இறங்கி நடக்கலாம். அதன் உயிர்நாடி, கடலோடு அதனை இணைக்கும் முகத்துவாரம். கடலோர நீரோட்டம் மணலை ஓயாது சுமந்துவந்து அவ்வாயிலில் குவிக்கிறது. ஆற்றுநீர் வற்றும் கோடையில் குவிந்த மணலைத் தள்ளும் ஆற்றல் ஏரிக்கு இராது. வாயில் தூர்ந்துபோகிறது. வெயிலில் நீர் சுண்டி, ஏரியின் உப்பு கடலின் உப்பையும் விஞ்சுகிறது. இறால் குஞ்சுகள் கடலிலிருந்து ஏரிக்குள் வந்து வளர்ந்து, முதிர்ந்தபின் கடலுக்குத் திரும்பும் இயல்புடையவை. வாயில் அடைபட்டால் அவற்றின் வழியும் அடைபடும். மடவையும் நண்டும் குறையும். அவ்வேளைகளில் மீனவரே கூடி, மண்வெட்டி கொண்டு மணலை வெட்டி வழி திறப்பதும் உண்டு.

அவர்கள் வெட்டியும் தீராத மணலை ஒரே இரவில் வெட்டித் தள்ளுவது பெருமழை. ஆரணியாறு பெருகி ஏரி நிறைந்து, நீர் கடலை நோக்கிப் பாயும்போது முகத்துவாரம் அகன்று திறக்கிறது. உப்பு தணிகிறது, ஆறு கொணர்ந்த வண்டலும் புதுநீரும் ஏரிக்கு உணவாகின்றன. மழைக்குப் பிந்திய திங்கள்களில் வலை நிறைவதும், பூநாரைகள் வந்து இறங்குவதும் இதன் பயனே. மழை பொய்த்த ஆண்டு ஏரிக்கும் பஞ்ச ஆண்டுதான்.

ஆயின் அதே நீரே ஊரை அழிப்பதும் ஆகும். புயல் நெருங்குகையில் காற்றின் உந்துதலால் கடல்மட்டம் உயர்கிறது. உயர்ந்த கடல் முகத்துவாரத்தில் எதிர்த்து நிற்க, ஏரிநீர் வடிய இடமின்றித் தேங்குகிறது. ஆந்திரத்துப் பிச்சாட்டூர் நீர்த்தேக்கம் நிரம்பித் திறக்கப்பட்டால், அந்நீரும் ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாக ஆரணியாற்றில் இங்கேதான் வந்து சேர வேண்டும். கிழக்கே கடல் ஏற, மேற்கே ஆறு இறங்க, இடையிலுள்ள மணல்மேட்டில் குப்பம் தவிக்கிறது. 1984 நவம்பரில் ஸ்ரீஹரிக்கோட்டைக்கு அருகே கரை கடந்த கடும்புயல், ஏரியின் இரு மாநிலக் கரைகளையும் இவ்வாறே அலைக்கழித்தது.

வாயிலைத் திறக்கும் வெள்ளமும் வீட்டை முழுகடிக்கும் வெள்ளமும் வேறு வேறல்ல. இந்த உண்மையைக் கப்பலின் நாட்பதிவேடு அறியாது; மாவட்ட நிருவாகத்தின் சேதக் கணக்கும் முழுமையாக அறியாது. வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றைப் பெயரிட்டு அழைத்து, அது மாறும் திசையை உடலால் உணரும் மக்களே அதனை அறிவர்.

எச்சரிக்கை வந்த பின்

அறிவியலின் கொடையைக் குறைத்துக் கூறுதல் நன்றியன்று. 1977 நவம்பரில் ஆந்திரத்தின் திவி சீமையில் ஏறத்தாழ பத்தாயிரம் உயிர்களைப் புயலும் கடற்பெருக்கும் கொண்டன. அத்தகைய பேரிழப்பு இன்று இக்கரையில் நேராதிருப்பதற்கு எச்சரிக்கையே காரணம். 1983இல் ஏவப்பட்ட இன்சாட் 1பி செயற்கைக்கோள் புயலை வானிலிருந்து காட்டியது. 2002இல் சென்னையில் டாப்ளர் ராடார் நிறுவப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் வானிலைக்கென்றே இந்தியா செலுத்திய முதல் செயற்கைக்கோளும், 2024 பிப்ரவரியில் செலுத்திய இன்சாட் 3டிஎஸ் கோளும் புறப்பட்ட இடம், இதே ஏரியைக் கடலினின்று பிரித்து நிற்கும் ஸ்ரீஹரிக்கோட்டைத் தீவு. புயலைப் பார்க்கும் கண் புயலுக்கு அஞ்சும் குப்பங்களின் அண்டையிலிருந்தே வானேறுகிறது. அக்கண் ஏறும் நாளில் பாதுகாப்புக் கருதி மீனவர் கடலுக்குச் செல்லாது நிறுத்தப்படுகின்றனர் என்பதும் வரலாற்றின் ஒரு வரியாக நிற்கத்தக்கது.

எச்சரிக்கை உயிரைக் காத்தது. தொழிலைக் காக்கும் பொறுப்பு அதற்கு இல்லை. கடலுக்குப் போகாத நாள்களின் பசி, மணலுக்குள் புதைந்த வலை, அலையில் மோதிப் பிளந்த படகு ஆகியன புயல் கடந்தபின் தொடங்கும் துயரங்கள். படகுக்கும் வலைக்கும் கணக்கெடுப்பு உண்டு. படகும் வலையும் இல்லாமல், இடுப்பளவு நீரில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர் குடும்பத்துக்கு எதைக் கணக்கெடுப்பது?

2023 டிசம்பர்

2023 டிசம்பர் 3, 4 ஆகிய நாள்களில் 'மிக்ஜாம்' புயல் சென்னைக் கரைக்கு அருகே மெல்ல நகர்ந்தது. விரைந்து கடக்கும் புயலைக் காட்டிலும் தயங்கி நிற்கும் புயல் மிகுதியாகப் பொழியும். சென்னையின் சில பகுதிகளில் இரண்டு நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை பெய்தது. பின்னர் அப்புயல் பழவேற்காட்டுக் கடலோரமாகவே வடக்கே சென்று, 5ஆம் நாள் ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரை கடந்தது.

இப்புயலில் புதியதொரு துயரம் சேர்ந்தது. மணலித் தொழிற்பகுதியிலிருந்து கசிந்த எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, கொசஸ்தலையாற்றின் வழியே எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. படகும் வலையும் அலையாத்தி மரங்களின் வேரும் கரிய எண்ணெய் பூசி நின்றன. மீனவரே வாளியும் முறமும் கொண்டு எண்ணெயை அள்ள நேர்ந்தது. எண்ணூர் பழவேற்காட்டின் தெற்கு அண்டை. பக்கிங்காம் கால்வாய் இரண்டையும் இணைப்பது. ஒன்றில் கலந்த நஞ்சு மற்றொன்றுக்கு அந்நியம் ஆகாது.

இதன் பொருளை ஆழ்ந்து நோக்க வேண்டும். முன்னைய புயல் வீட்டைக் கொண்டுபோயிற்று. பதிலாக முகத்துவாரத்தைத் திறந்து, புதுநீரைத் தந்து, இறாலைக் கொடுத்தது. அழிவுக்கு ஈடாக இயற்கை தந்துவந்த அக்கொடையில் மனிதன் நஞ்சைக் கலந்துவிட்டான். வெள்ளம் எண்ணெயோடு வருமாயின், புயலின் இரு முகங்களுள் உறவின் முகம் மறைந்து பகையின் முகம் மட்டுமே எஞ்சும். முகத்துவாரத்தை நிலையாகத் திறந்துவைக்க அரசு அண்மை ஆண்டுகளில் கற்சுவர் அமைக்கும் பணியை மேற்கொண்டது வரவேற்கத்தக்கதே. வாயில் திறந்திருப்பது முதல் தேவை. அதன் வழியே எத்தகைய நீர் வந்து போகிறது என்பது அதற்கு இணையான தேவை.

பாடு

தமிழிலக்கியம் கடலின் சீற்றத்தை அறியாததன்று. பூம்புகாரைக் கடல் கொண்டதை மணிமேகலை பதிவுசெய்தது. நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாகவும், பொழுது சாயும் எற்பாட்டைச் சிறுபொழுதாகவும் தொல்காப்பியம் வகுத்தது. ஆயினும் ஒரு பெருநகரின் அழிவு பெற்ற இடத்தை ஆயிரம் குப்பங்களின் அழிவு பெறவில்லை.

பழவேற்காட்டு மீனவரிடையே 'பாடு' என்றொரு முறை வழங்குகிறது. ஏரியில் மீன்வளம் மிகுந்த இடங்களை ஒருவரே கைக்கொள்ளாதபடி, உரிமையுடைய குப்பத்தார் சீட்டுப் போட்டு முறைவைத்து வலையிடுகின்றனர். இன்று ஒருவருக்கு, நாளை மற்றொருவருக்கு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் இம்முறை நெடுங்காலமாக நின்று நிலவுவது. இதனுள் இடம்பெறாத இருளர் போன்றோரின் குறை தனியே பேசப்பட வேண்டியது. எனினும், நிலையற்ற நீரின் மீது நிலையானதோர் அறத்தைக் கட்டிக் காத்த மக்கள் இவர்கள் என்பதில் ஐயமில்லை. கெல்டிரியாக் கோட்டை இடிந்து மண்மேடாயிற்று, பாடு நிற்கிறது. வரலாற்று நூல்கள் கோட்டைக்கு அளித்த பக்கங்களில் ஒரு பங்கேனும் இதற்கு அளித்திருக்க வேண்டும்.

'பாடு' என்னும் சொல் தமிழில் முறையைக் குறிக்கும், உழைப்பைக் குறிக்கும், துன்பத்தைக் குறிக்கும். எற்பாடு என்னும்போது பொழுதின் சாய்வையும் குறிக்கும். ஏரிக்கரை வாழ்வு முழுவதும் இவ்வொரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது. புயலின் வேகத்தை வானிலைத் துறை அளந்து எழுதும். சேதத்தை வருவாய்த் துறை எண்ணி எழுதும். புயல் ஓய்ந்த மறுநாட் காலை, கிழிந்த வலையை மடியில் பரப்பி அமர்ந்து, முகத்துவாரம் திறந்ததா என்று கிழக்கே நோக்கும் முதியவளின் பார்வையை எழுத எந்தத் துறையும் இல்லை. அது கவிஞர்க்கென விடப்பட்ட பணி. பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தின் கவிஞர்கள், அச்சொல்லுக்குத் தமிழ் தந்துள்ள இன்னுமொரு பொருளையும் நினைவிற் கொள்வார்களாக. பாடு என்பது ஏவலும் ஆகும்.