பாதுகாவல் நீக்கம் (இலங்கை, மலையகம்)

பராயமடையாதவருக்கு மாவட்ட நீதிமன்றம் அமர்த்தும் பாதுகாவல், அவர் பராயமடைவதோடு முடிகிறது. 21 ஆக இருந்த பராய வயதை 1989ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் 18 ஆகக் குறைத்தது. சித்த சுயாதீனமற்றவர் எனத் தீர்க்கப்பட்டவர் குணமடைந்தால் நிலைமை வேறு: குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின்கீழ் அவரோ அவர் சார்பில் இன்னொருவரோ மனுக்கொடுக்க வேண்டும், விசாரித்த பிறகே விடுவிப்பு.

பராயமடைந்ததைக் காட்ட வயதை நிரூபிக்க வேண்டும்; நுவரெலியா, ஹட்டன் தோட்டங்களில் அதுவே சிலருக்குப் பெரும்பாடு. லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிறந்து பதியப்படாமல் போனவர் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு அலைய நேரும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், தோட்டத்துச் செக்றோலில் (தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில்) இன்னொரு பெயர் என்றால் சத்தியக்கடதாசியும் சேரும். சட்டத்தரணிகள் எந்த மொழியில் எழுதினாலும், அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி மனுவைத் தமிழிலேயே கொடுக்கலாம். வழக்கு சிங்களத்தில் நடந்தால் உரைபெயர்ப்பை அரசே தரவேண்டும்.