வாயுவிலிருந்து கந்தகம் நீக்கும் உலோகமற்ற கார்பன் வினையூக்கிகள்: வரலாறு

நிலக்கரி வாயு, இயற்கை எரிவாயு, சாண எரிவாயு ஆகியவற்றில் கலந்துள்ள ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றமுடைய நச்சு வாயு ஆகும். இது குழாய்களை அரிக்கும். எரிந்தால் கந்தக டை ஆக்சைடாக மாறி அமில மழைக்குக் காரணமாகும்.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களின் விளக்குகளுக்கான நிலக்கரி வாயு முதலில் சுண்ணாம்பாலும், பின்னர் இரும்பு ஆக்சைடாலும் தூய்மை செய்யப்பட்டது. 1883இல் லண்டனில் பணியாற்றிய வேதியியலர் கார்ல் பிரீட்ரிக் கிளாஸ், ஹைட்ரஜன் சல்பைடை ஆக்சிஜனுடன் வினைபுரியச் செய்து கந்தகமாக மீட்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1930களில் ஜெர்மனியின் ஐ.ஜி. பார்பன் நிறுவனம் இதை இரு கட்டங்களாக்கி மேம்படுத்தியது. ஆனால் இவ்வினை ஒரு மீள்வினை. வேதிச் சமநிலை காரணமாகச் சில விழுக்காடு கந்தகச் சேர்மங்கள் கழிவு வாயுவில் எஞ்சின. அலுமினா வினையூக்கியும் காலப்போக்கில் சல்பேட்டாக மாறித் திறன் குன்றியது.

கார்பன் இத்துறைக்குப் புதியதன்று. 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியிலேயே ஜெர்மனியில் கிளர்வுற்ற கரி பயன்படுத்தப்பட்டது. கரி வாயுவை உறிஞ்சுவதோடு நிற்காமல், ஆக்சிஜனுடன் அது வினைபுரியவும் உதவியது. எனினும் உருவான கந்தகம் நுண்துளைகளை அடைத்ததால், கரியை அவ்வப்போது கழுவி மீட்க வேண்டியிருந்தது.

1991இல் ஜப்பானிய அறிவியலர் சுமியோ இஜிமா வெளியிட்ட ஆய்வு கார்பன் நானோகுழாய்கள் மீது உலகின் கவனத்தைத் திருப்பியது. 2009இல் லிமிங் டாய் குழுவினர், நைட்ரஜன் கலந்த நானோகுழாய்கள் எரிபொருள் மின்கலங்களில் பிளாட்டினத்துக்கு மாற்றாகச் செயல்படும் என்று காட்டினர். நைட்ரஜன் தன் அருகிலுள்ள கார்பன் அணுக்களின் எலக்ட்ரான்களை ஈர்ப்பதால், அவ்விடங்களில் ஆக்சிஜன் எளிதில் பற்றிக்கொள்கிறது. இதே பண்பு பின்னர் ஹைட்ரஜன் சல்பைடைக் கந்தகமாக மாற்றும் ஆய்வுகளிலும் பயன்படுத்தப்பட்டது. குழாய்களுக்கு இடையிலுள்ள அகன்ற வெளியில், கந்தகத்தின் உருகுநிலைக்கு மேலான வெப்பத்தில், கந்தகம் அடைத்துக்கொள்ளாமல் வெளியேற முடிகிறது.

எனினும் 'உலோகமற்ற' என்னும் அடைமொழி எளிதில் நிறுவக்கூடியதன்று. நானோகுழாய்கள் பெரும்பாலும் இரும்பு, கோபால்ட், நிக்கல் துகள்கள் மீதே வளர்க்கப்படுகின்றன. அமிலத்தால் கழுவிய பின்னும் சிறிதளவு உலோகம் தங்கிவிடலாம். இரும்பு ஆக்சைடும் இவ்வினையைத் தூண்டக்கூடியதே. ஆகவே வினையைத் தூண்டுவது கார்பனா, எஞ்சிய இரும்பா என்பதைப் பிரித்தறிந்த பின்னரே ஒரு வினையூக்கியை உலோகமற்றது எனக் கூற இயலும்.