படிப்போர்க்குப் படியளந்த வரலாறு

தெற்கு முகமாக ஓடிவரும் காவிரி கிழக்கே திரும்புகிற இடத்தில், மகுடேசுவரரும் வீரநாராயணப் பெருமாளும் வன்னிமரத்தடியில் பிரமனும் ஒரே ஆலயத்தில் எழுந்தருளியிருக்கும் கொடுமுடிக்கு, மூவர் பாடல் பெற்ற ஸ்தலம் என்ற கீர்த்தியோடு மற்றொரு சிறப்பும் உண்டு. பங்குனி உத்திரம் நெருங்கும்போது கொங்கு நாட்டு ஊர்களிலிருந்து திரள் திரளாக வந்து சேரும் பக்தர்கள், இங்கே காவிரியில் முழுகி, கலசங்களில் தீர்த்தம் நிரப்பிக் காவடியாகக் கட்டித் தோளில் ஏற்றி, பழனி மலைக்குக் கால்நடையாகப் புறப்படுகிறார்கள். அவர்கள் போகும் வழியில் பந்தலிட்டு, மோரும் பானகமும் தந்து, இலை போட்டுச் சோறு பரிமாறுவதைக் குடியானவர்கள் தங்கள் குலக்கடமையாகவே கருதி வந்திருக்கிறார்கள். தீர்த்தம் சுமப்பவனுடைய பசி, அவன் சுமையை எதிர்பார்த்து நிற்கும் ஊராருடைய பொறுப்பு என்பது இந்தச் சீமையின் சித்தாந்தம்.

இதே ஊரின் ரயிலடியில், ஈரோட்டுக்கும் கரூருக்கும் கல்லூரி செல்லும் பிள்ளைகளைக் காலை வேளைகளில் காணலாம். மஞ்சள் காட்டுக்குக் களையெடுக்கப் போகும் தாய் விடியுமுன் ஆக்கி வைத்ததைத் தூக்குப்போசியில் கொண்டு வருபவர் சிலர். ஆக்குவதற்கு நேரமோ பண்டமோ வாய்க்காத வீட்டிலிருந்து வருகிறவர் சிலர். இவர்கள் கல்லூரி வாசலில் ஒரு டீயும் பன்னுமாகப் பகலைத் தள்ளிவிட்டு, பசிக்கவில்லை என்று நண்பரிடம் சொல்லிச் சமாளித்து, மாலை வண்டியில் திரும்புகிறவர்கள். பசித்துப் படித்தவனே முன்னுக்கு வருவான் என்று மேடைகளில் பேசிப் பேசி, மாணவனுடைய பசியை ஒரு தவமாகவே நாம் ஆக்கிவிட்டோம். நம் முன்னோருக்கு அப்படியொரு கொள்கை இருந்ததாகச் சாசனங்களில் தெரியவில்லை. படிப்புக்கு ஏற்பாடு செய்தவர்கள், அதே கல்லில், அதே மூச்சில், சோற்றுக்கும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

இன்றைய விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம் என்ற ஊரில் உள்ள முதலாம் இராஜேந்திர சோழன் காலத்துச் சாசனம் இதற்குத் தலையாய சாட்சி. பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே நடந்த கல்லூரியில் 340 மாணவர்கள் பயின்றனர்; ஆசிரியர்கள் 14 பேர். வேதமும் ரூபாவதாரம் என்னும் இலக்கண நூலும் கற்ற இளைய மாணவர்கள் 270 பேர். வியாகரணம், பிராபாகர மீமாம்சை, வேதாந்தம் ஆகியவற்றை ஆழ்ந்து பயின்ற மூத்தவர்கள் 70 பேர். இளையவனுக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல், மூத்தவனுக்கு ஒரு குறுணி இரு நாழி நெல் என்று அளவு குறித்து, இவற்றுக்கெல்லாம் முதலாக 45 வேலி நிலத்தை ஊர்ச்சபையார் ஒதுக்கினர்.

இந்த அளவைச் சற்று நின்று நோக்க வேண்டும். எட்டு நாழி ஒரு குறுணி. ஆகவே மூத்த மாணவனுக்குப் பத்து நாழி. அக்காலச் சாசனங்களில் பெரிதும் வழங்கிய கணக்குப்படி ஐந்து பங்கு நெல்லைக் குத்தினால் இரண்டு பங்கு அரிசி காணும் என்று கொண்டால், இளையவனுடைய ஆறு நாழி நெல் இரண்டரை நாழிக்குச் சற்றுக் குறைவான அரிசியாகிறது. ஒருவனுடைய வயிறு நிறைய வேண்டியதற்கு மேலேயே அது இருக்கிறது. நெல்லே பணமாகவும் புழங்கிய காலமாதலால், கறிக்கும் மோருக்கும் விறகுக்கும் மாற்றிக்கொள்ள மிச்சமும் இருந்திருக்கும். ‘இயன்றதைக் கொடுக்க’ என்று தாராளமாக எழுதிவிட்டு நழுவாமல், ஆளுக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு, அதற்கு நிலம் இவ்வளவு என்று கல்லில் வெட்டிவைத்த அந்தச் சபையார், உணவைத் தர்மப் பிரபுக்களின் மனநிலைக்கு விடவில்லை; கணக்கிலே கட்டிப்போட்டார்கள்.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், வீரராஜேந்திரன் காலத்தில், 1069-ஆம் ஆண்டை ஒட்டிப் பொறிக்கப்பட்ட சாசனம் இன்னும் நுட்பமானது. வேங்கடேசப் பெருமாள் கோயிலைச் சார்ந்த பாடசாலைக்கும், அங்கு தங்கியிருந்த 60 பேருக்கும், பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை என்னும் மருத்துவமனைக்கும் அது நிபந்தம் வகுக்கிறது. சோற்றோடு நில்லாமல், படுக்கப் பாயும், இரவில் எரிய விளக்கும், சனிக்கிழமைதோறும் தலைமுழுக எண்ணெயும் அதிலே கணக்காகியிருக்கின்றன. வீட்டைவிட்டு வந்த பிள்ளைக்குத் தாய் எதையெதைச் செய்வாளோ அதையெல்லாம் ஓர் அரசாங்கக் கணக்கன் வரிசையாக எழுதி வைத்திருக்கிறான் என்று எண்ணும்போது மனம் கனிகிறது.

ஆனால், இந்தப் பந்தியில் யாருக்கு இலை இருந்தது என்ற கேள்வியையும் கேளாமல் விடலாகாது. வேதம் ஓதும் உரிமை பெற்ற சிறு வர்க்கத்தாருக்கே எண்ணாயிரத்தின் நெல் அளக்கப்பட்டது. அந்த 45 வேலியிலே சேற்றில் இறங்கி நாற்று நட்டவர்களுடைய பிள்ளைகள் அந்த 340-இல் ஒருவராகவும் இருந்திருக்க இயலாது. ஏற்பாட்டின் செம்மையும் எல்லையின் குறுக்கமும் ஒரே கல்லில் இருக்கின்றன. பின்வந்த நூற்றாண்டுகளின் கதை, அந்தச் செம்மை சிறிது சிறிதாகக் குறைந்ததும், அந்த எல்லை பெரும் போராட்டத்தின் பேரில் விரிந்ததுமாகும்.

சோழராட்சி மறைந்த பின்னரும் சத்திரங்களும் மடங்களும் இந்தக் கடமையை ஓரளவு தாங்கின. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்குத் தம்முடைய சத்திரங்களின் நடைமுறையை விளக்கி எழுதிய கடிதத்தில், வழிப்போக்கர்களுக்கு ஜாதி வித்தியாசமின்றி அன்னமிடுவதைச் சொல்லி, சத்திரத்துக்கு வந்துசேரும் அநாதைச் சிறுவர்களை உபாத்தியாயரிடம் ஒப்படைத்துப் படிக்கவைத்து, மூன்று வேளை உணவும், நான்கு நாளைக்கொரு முறை எண்ணெயும், துணியும் மருந்தும் தருவதைக் குறிப்பிட்டிருக்கிறார். திருமுக்கூடலின் சனிக்கிழமை எண்ணெய் எழுநூறு ஆண்டுக்குப் பிறகும் தஞ்சையில் வற்றவில்லை. திருவாவடுதுறை போன்ற ஆதீனங்களில் தமிழ் கற்க வந்தவர்களுக்கு மடத்துப் பந்தியில் இடம் இருந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் அவருடைய மாணாக்கர் உ.வே. சாமிநாதையரும் அந்த ஆதரவிலே தமிழ் வளர்த்தவர்கள். சத்திரமும் மடமும் இல்லாத ஊரில் ‘வாரச் சாப்பாடு’ இருந்தது: திங்கட்கிழமை ஒரு வீடு, செவ்வாய்க்கிழமை மற்றொரு வீடு என்று ஏழு வீடுகளில் ஏழு நாளும் உண்டு, ஏழை அந்தணப் பிள்ளைகள் பலர் ஹைஸ்கூலும் காலேஜும் படித்து முடித்தார்கள். அதிலே அன்பும் இருந்தது. வீட்டம்மாளின் முகம் பார்த்து மறுசோறு கேட்கத் தயங்கும் கூச்சமும் இருந்தது. ஊர்ச்சபை நெல்லாக அளந்ததை இங்கே தனியொருவர் தயவு அளந்தது. இறக்கம் அங்கேதான் தொடங்கிற்று.

இருபதாம் நூற்றாண்டில் பந்தியே போர்க்களமாயிற்று. வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் தேசியக் கல்விக்கென நடத்திய பாரத்வாஜ குருகுலத்தில், பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனிப் பந்தி நடந்தது என்ற செய்தி 1924-25-இல் தமிழ்நாட்டையே கலக்கியது. தமிழ்நாட்டுக் காங்கிரஸ் கமிட்டியின் பணம் ஐயாயிரம் ரூபாய் அந்தக் குருகுலத்துக்குப் போயிருந்தது; பொதுப்பணத்தில் வேகும் சோற்றைப் பிரித்துப் போடலாமா என்று டாக்டர் வரதராஜுலு நாயுடுவும், கொடுமுடிக்கு அண்டை ஊரான ஈரோட்டைச் சேர்ந்த ஈ.வெ. ராமசாமியும் கேட்ட கேள்விக்கு விடை கிடைக்காமலே குருகுலம் நலிந்தது; தமிழக அரசியலின் போக்கே மாறிற்று. அதற்கு முன்பே, 1916-இல், சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விக் கழகம் கண்டு, எந்தப் பந்தியிலும் இலை கிடைக்காத தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கு எழுத்தோடு உணவும் உறைவிடமும் தர முற்பட்டார். கொங்கு நாட்டிலோ, தி.சு. அவினாசிலிங்கம் 1930-இல் கோயம்புத்தூரில் மிகச் சில பிள்ளைகளோடு தொடங்கிய ஸ்ரீ ராமகிருஷ்ண மிஷன் வித்தியாலயம், ஹரிஜனப் பிள்ளைகளும் பிறரும் ஒரே கூரையின் கீழ் ஒன்றாக உண்டு வாழும் குருகுலமாக வளர்ந்தது. பெரியநாயக்கன்பாளையத்தில் அதற்கு 1934-இல் அடிக்கல் நாட்டியவர் காந்தியடிகள்.

பிறகு வந்தது அரசாங்கத்தின் முறை. சென்னை நகரசபை, பி. தியாகராய செட்டியார் தலைமையில், 1920-இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தந்தது. காமராஜர் 1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கிவைத்த திட்டம் அதை மாநிலமெங்கும் கொண்டுசென்றது. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை முதல் தேதி பாப்பாக்குறிச்சியில் தொடங்கிய சத்துணவு, இரண்டே ஆண்டில் பத்தாம் வகுப்பு வரை நீண்டது. 2022-இல் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவும் வந்தது. எண்ணாயிரத்தின் எல்லை உடைந்து, ஏர் பிடிப்பவன் மகனுக்கும் மகளுக்கும் உரிமையோடு இலை விழுந்தது இந்த நூறு ஆண்டுகளில்தான்; உலகோர் வந்து பார்த்துக் கற்றுப்போகும் சாதனை இது.

ஆனால் அந்த இலை பத்தாம் வகுப்போடு சுருட்டப்படுகிறது. அதுவரை பசித்த பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் கால் வைத்ததும் பசியாத பிள்ளையாக மாறிவிடுகிறதா? கல்லூரி மாணவனுக்கு உள்ளவை இரண்டே வழி. ஒன்று விடுதி. கல்லூரி விடுதிகளில் ‘டிவைடிங்’ முறைப்படி மாதச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கிடுகிறார்கள்; விலைவாசி ஏறினால் மெஸ் பில் ஏறும்; பாக்கி விழுந்தால் பரீட்சைக்கு முன் அலுவலக வாசலில் நிற்க வேண்டும். அரசு நடத்தும் நல விடுதிகளில் கல்லூரி மாணவருக்கான மாத உணவுப்படி 2023-இல் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. உயர்வு வரவேற்கத்தக்கதே, எனினும் நாளொன்றுக்கு அது ஐம்பது ரூபாய், வேளைக்குப் பதினேழு ரூபாய்கூட நிறையாது. பருப்பும் எண்ணெயும் காயும் முட்டையும் அதற்குள் அடங்க வேண்டும் என்று கணக்குப் போட உட்காரும் விடுதிக் காப்பாளரின் நிலை பரிதாபத்துக்குரியது. மற்றொன்று வீடு. வீட்டிலிருந்து வந்துபோகும் பிள்ளைக்குப் பகலுணவு என்று பெரும்பாலான கல்லூரிகளில் எந்த ஏற்பாடும் இல்லை. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்குப் ‘புதுமைப்பெண்’ திட்டமும், ஆண்களுக்கு 2024 ஆகஸ்டில் கோயம்புத்தூர் அரசு கலைக் கல்லூரியில் தொடங்கிய ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டமும் மாதம் ஆயிரம் ரூபாய் தருகின்றன. அந்தப் பணம் புத்தகத்துக்கும் பயணத்துக்கும் வீட்டு வட்டிக்கும் போன பிறகு, பசியின் பங்குக்கு எஞ்சுவது சொற்பம்.

வழி தெரியாமல் நாம் நிற்கவில்லை. கொடுமுடித் தீர்த்தம் போய்ச் சேரும் பழனியிலேயே வழி இருக்கிறது. தண்டாயுதபாணி சுவாமி கோயில் நடத்தும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயிலும் ஏறக்குறைய நாலாயிரம் மாணவ மாணவியருக்கு, 2022 நவம்பர் முதல், கோயில் நிதியிலிருந்தே காலைச் சிற்றுண்டி வழங்கப்படுகிறது. அங்கே கல்லூரிப் பிள்ளையும் பள்ளிப் பிள்ளையைப் போலவே வரிசையில் நின்று, யாரிடமும் வறுமைச் சான்று காட்டாமல், தட்டை நீட்டி வாங்கி உண்டுவிட்டு வகுப்புக்குப் போகிறான். எண்ணாயிரத்துச் சபையாரின் செம்மையும், சேரன்மாதேவியில் கேட்ட கேள்விக்குரிய விடையும் ஒருங்கே கூடிய ஏற்பாடு இது.

கோயம்புத்தூர் முதல் ஈரோடு வரை கல்லூரிகளை நாட்டிய மில் முதலாளிகளும், அறக்கட்டளையாரும், கல்விச் சங்கத்தாரும் கட்டடத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் கொட்டிய செல்வம் கொஞ்சமன்று. அவர்களுக்கும் அரசாங்கத்துக்கும் சொல்ல வேண்டியது ஒன்றுதான். கல்லூரி தொடங்குவதற்கு நூலகம் வேண்டும், ஆசிரியர் வேண்டும் என்று விதி வகுத்திருக்கிறோம். பகல் பன்னிரண்டரை மணிக்கு ஒவ்வொரு மாணவனுக்கும் ஓர் இலைச் சோறு வேண்டும் என்பதையும் அந்த விதியிலே சேர்த்து, அதற்குரிய முதலையும் எழுதி வைக்க வேண்டும். ஆயிரம் ஆண்டுக்கு முன் ஓர் ஊர்ச்சபையால் இயன்றது இன்றைய தமிழ்நாட்டால் இயலாது என்று சொல்வதற்கு நியாயமே இல்லை.