இரண்டு கை காணும்

கண்ணுக்கு முன்னால ஒருத்தர் பொத்தெண்டு விழுந்து மூச்சில்லாமல் கிடந்தால் எங்களுக்கு முதல் வாற யோசினை, "நான் டொக்டர் இல்லையே" என்பதுதான். சுத்தி நிற்கிற எல்லாருக்கும் அதே யோசினைதான். இந்தத் தயக்கத்துக்கும் ஒரு வரலாறு இருக்கு. நெஞ்சை அமுக்கி உயிரைக் காப்பாற்றலாம் என்று 1960இல் மருத்துவ உலகம் எழுதி வைத்தது. அதைச் சாதாரண சனமும் படிக்கலாம் என்று அமெரிக்காவின் மருத்துவ வழிகாட்டி ஒத்துக்கொண்டது 1974இல். இடையில் 14 வருசம்.

கொஞ்சம் பின்னால போவம். ஆம்ஸ்டர்டாம் நகரம் முழுக்கக் கால்வாய்கள். அதுக்குள்ள விழுந்து மூழ்கிறவர்களைக் காப்பாற்ற 1767இல் அங்கே ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1774இல் லண்டனிலும் அப்படி ஒன்று வந்தது. உடம்பைச் சூடாக்கு, வாயால காற்றை ஊது என்று சொல்லிக் கொடுத்தார்கள். புகையிலைப் புகையை ஆசனவாய் வழியாக உள்ளே செலுத்தச் சொன்னதும் அவர்கள்தான்! சிரிப்பு வரும், ஆனால் அந்தக் காலத்து நம்பிக்கை அது. புகையிலை இதயத்துக்கு நஞ்சு என்று பெஞ்சமின் பிரோடி 1811இல் காட்டிய பிறகுதான் அந்தப் பழக்கத்தின் மவுசு குறைந்தது. ஆனால் ஒரு விசயத்தில் அவர்கள் சரியாக யோசித்திருக்கிறார்கள். காப்பாற்றுகிறவர் வைத்தியராக இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. தண்ணிக்குள் இருந்து தூக்கினவருக்கும், தன்ர கடைக்குள் கொண்டுவந்து கிடத்த விட்டவருக்கும் லண்டன் சங்கம் பணம் கொடுத்தது.

பிறகு வாயால ஊதுறது அருவருப்பென்றும் ஆபத்தென்றும் ஒதுக்கப்பட்டது. நூறு வருசத்துக்கு மேலாக முதுகை அமுக்குறது, கையைத் தூக்கி இறக்குறது என்று வேறு வேறு முறைகள்தான் படிப்பிக்கப்பட்டன. அதை மாற்றியவர்கள் ஜேம்ஸ் ஈலம், பீற்றர் சஃபார் என்ற இரண்டு மயக்க மருந்து வைத்தியர்கள். சஃபார் 1950களின் கடைசியில் பால்டிமோரில் ஒரு துணிச்சலான பரிசோதனை செய்தார். தாங்களாக முன்வந்த ஆட்களுக்கு மருந்து கொடுத்து மூச்சுத் தசைகளை அசையவிடாமல் செய்துவிட்டு, எந்த முறையில் காற்று நுரையீரலுக்குப் போகுது என்று அளந்தார். பழைய முறைகள் தோற்றன. தலையைப் பின்னால் சாய்த்து வாயோடு வாய் வைத்து ஊதினது வென்றது.

அதே பால்டிமோரில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் இன்னொரு கதை. வில்லியம் கூவன்ஹோவன் வைத்தியர் இல்லை, மின் பொறியியலாளர். மின்சாரம் தாக்கி நிற்கிற இதயத்தைத் திரும்ப இயக்குறது எப்படி என்று நாய்களில் ஆராய்ந்துகொண்டிருந்தார். பாரமான மின்தட்டுகளை நாயின் நெஞ்சில் அழுத்தும்போதே இரத்த அழுத்தம் கூடுறதை அவரோடு வேலை செய்த கை நிக்கர்பொக்கர் கவனித்தார். அப்ப மின்சாரம் பாய்ச்சவே இல்லை. அதுவரைக்கும் இதயம் நின்றால் நெஞ்சைக் கிழித்து, கையை உள்ளே விட்டுப் பிசைவதுதான் வழி. அது சத்திரசிகிச்சைக் கூடத்தில் மட்டும்தான் ஏலும். இவர்கள் இரண்டு பேரும் ஜேம்ஸ் ஜூட் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் சேர்ந்து 1960இல் எழுதிய கட்டுரையில் 20 நோயாளிகளைப் பற்றிச் சொன்னார்கள். 14 பேர் பிழைத்தார்கள். ஆரும் எங்கேயும் செய்யலாம், இரண்டு கை இருந்தால் காணும் என்பதுதான் அந்தக் கட்டுரை சொன்ன சேதி.

ஆனால் கதவு உடனே திறக்கவில்லை. விலா எலும்பு முறியும், உள்ளுறுப்புக் காயப்படும் என்ற பயம். 1966இல் அமெரிக்காவில் கூடிய நிபுணர்கள், நெஞ்சை அமுக்குறதை மருத்துவத் துறையாட்களுக்கும் அதோடு சேர்ந்த தொழில் செய்கிறவர்களுக்கும் பழக்கச் சொன்னார்கள். பொதுசனம் அந்தப் பட்டியலில் இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்குப் பிடித்த பகுதி வருது. சஃபார் பிட்ஸ்பேர்க் நகரத்துக்கு மாறியிருந்தார். 1966இல் அவருடைய 11 வயது மகள் ஆஸ்துமாவால் இறந்துபோனாள். அந்த நகரத்தில் அப்ப அம்புலன்ஸ் என்றால் அநேகமாகப் பொலிஸ் வான்தான். ஆளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடுறது, வழியில் வைத்தியம் ஒன்றும் இல்லை. ஹில் டிஸ்ரிக்ற் என்ற கறுப்பினப் பகுதிக்கு அந்த வான்கூட ஒழுங்காகப் போகாது. 1967இல் அங்கே ஃப்ரீடம் ஹவுஸ் அம்புலன்ஸ் சேவை தொடங்கியது. "வேலைக்கு லாயக்கில்லாதவர்கள்" என்று சமூகம் தள்ளி வைத்த கறுப்பின இளைஞர்களைத் தெரிந்தெடுத்து, சஃபார் உருவாக்கின பாடத்திட்டத்தில் பயிற்சி கொடுத்தார்கள். பலர் பள்ளிக்கூடப் படிப்பையே முடிக்காதவர்கள். வைத்தியர்கள் மட்டும்தான் செய்யலாம் என்ற பல வேலைகளை அவர்கள் தெருவில் வைத்துச் செய்து காட்டினார்கள். பிறகு அங்கே மருத்துவப் பொறுப்பாளராக வந்த நான்சி கரோலைன், அமெரிக்கா முழுவதுக்குமான பயிற்சிப் பாடத்தை அந்த அனுபவத்தில் இருந்துதான் எழுதினார். ஆனால் 1975இல் நகர நிர்வாகம் தன்ர சொந்தச் சேவையைத் தொடங்கி ஃப்ரீடம் ஹவுஸை மூடியது. வழிகாட்டின ஆட்களில் பலர் புதிய சேவையில் ஒதுக்கப்பட்டார்கள்.

இதற்கிடையில் சியாட்டிலில் லெனர்ட் கொப் என்ற வைத்தியர் 1972இல் பொதுசனத்துக்கே பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். இரண்டு வருசத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பழகினார்கள். 1974இல் வழிகாட்டியும் மாறியது. 2008இல் இன்னும் இலகுவாக்கினார்கள்: பயிற்சி இல்லாதவர், வளர்ந்த ஒருவர் திடீரென விழுந்தால், வாயால ஊதாமல் நெஞ்சை மட்டும் அமுக்கினாலும் போதும்.

அப்ப நாங்கள் என்ன செய்யவேணும்? தோளைத் தட்டிக் கூப்பிடுங்கோ. அசைவில்லை, மூச்சில்லை, அல்லது இடைக்கிடை இழுத்து இழுத்து மட்டும் மூச்சு வருதெண்டால் இதயம் நிண்டுட்டுதெண்டே எடுங்கோ. ஒருத்தரைக் கைகாட்டி, "நீங்கள் 1990க்கு அடியுங்கோ" என்று சொல்லுங்கோ. தனியாக நிற்கிறீர்களெண்டால் போனை ஸ்பீக்கரில் போடுங்கோ. ஆளை மட்டமான தரையில் நிமிர்த்திக் கிடத்தி, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மற்றக் கையை மேல வைத்து, முழங்கையை மடக்காமல் அமுக்குங்கோ. 5 சென்ரிமீற்றர் ஆழம், 6ஐத் தாண்ட வேண்டாம். நிமிசத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுக்க மேல வர விடவேணும். களைச்சால் இன்னொருத்தர் மாறவேணும். அம்புலன்ஸ் வரும்வரை, அல்லது ஆள் மூச்சுவிடத் தொடங்கும்வரை நிறுத்த வேண்டாம். சோடா, தண்ணி ஒன்றும் வாயில ஊத்தாதேங்கோ. விழுந்தது ஒரு பெண் எண்டாலும் இதேதான். தொடலாமோ எண்டு யோசிச்சு நிண்டால் நேரம் போயிடும். நாலைஞ்சு நிமிசத்திலேயே மூளை பாதிக்கத் தொடங்கும்.

அமுக்கினவர் எல்லாரும் பிழைப்பினம் எண்டில்லை. ஆனால் அமுக்காமல் விட்டால் ஒவ்வொரு நிமிசமும் பிழைக்கிற வாய்ப்புக் குறையும். விலா முறிஞ்சால் மாறும். நிண்ட இதயம் தானாகத் திரும்ப அடிக்காது.

இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்புலன்ஸும் முதலுதவி வகுப்புகள் நடத்துகினம். எங்கட ஊர்ச் சனசமூக நிலையத்துக்கோ விளையாட்டுக் கழகத்துக்கோ அவர்களைக் கூப்பிடலாம். அடுத்த கூட்டத்தில யாராவது ஒருத்தர் எழும்பிக் கேளுங்கோ.