எல்லை நகர்ந்த கதை

மும்பை முன்னாளில் ஏழு தீவுகளாக இருந்ததை நாம் அறிவோம். அதன் வடகோடியில், மாகிம் கழியோரச் சதுப்பிலே, கோலி மீனவரின் ஊராக விளங்கியது தாராவி.

1896-ல் பிளேக் நோய் பரவியதன் விளைவாக, 1898-ல் நகர மேம்பாட்டு டிரஸ்டு தோன்றி, மாதுங்காவைத் திட்டமிட்டு வகுத்தது. தாராவிக்கோ அத்தகைய திட்டம் வாய்க்கவில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்த நம்மவர், பிறரோடு சேர்ந்து சதுப்பைத் தூர்த்துக் குடியமர்ந்தனர்.

1950-ல் செம்பூர் முதலிய புறநகர்கள் மாநகராட்சியுடன் இணைந்தன. 1957-ல் எல்லை தகிசர், முலுண்டு வரை சென்றது. கடைக்கோடித் தாராவி நடுநகராயிற்று. நிலத்தின் மதிப்பும் உயர்ந்தது.

இன்று மறுசீரமைப்பில், தாராவிக்குள்ளேயே விலையின்றி வீடு பெறத் தரைத்தளத்தார் 2000 ஜனவரி 1-க்கு முன் குடியிருந்தமைக்குச் சான்று காட்டவேண்டியுள்ளது. சதுப்பை மேடாக்கிய முன்னோர் சான்று எழுதிவைக்கவில்லை. நாமாவது நம் ஆவணங்களைப் பேணுவோமாக!